காட்டின் விளிம்பும் உண்ணிக் காய்ச்சலும்

கோவில்பட்டிச் சீமையில், அதிலும் எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில், "காட்டுக்குப் போய் வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் மரமடர்ந்த வனத்துக்குப் போகிறார் என்று யாரும் எண்ணமாட்டார்கள். கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளையும் கரிசல் புன்செய்க்குத்தான் எங்களிடம் காடு என்று பெயர். வானளாவ மரங்கள் நிற்கும் காட்டைக் காண வேண்டுமானால் நாங்கள் மேற்கே மலைச்சாரல் வரை செல்ல வேண்டும். ஆகவே, காடு துண்டுபடுவதற்கும் மனிதனுக்கு வரும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கரிசல் மண்ணில் பிறந்த ஒருவன் பேச முன்வந்திருப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்த வரலாற்றில் வரும் முதன்மையான பாத்திரம் எங்களுக்கு நன்றாக அறிமுகமான ஒன்று. அதுதான் உண்ணி.

மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு உண்ணியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மாட்டின் காதடியிலும் அலைதாடியிலும் மடியோரத்திலும் அது ஒட்டிக்கொண்டு, இரத்தத்தைக் குடித்து, ஆமணக்கு விதையைப் போலப் பருத்துத் தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். இந்த ஒப்புமை நமக்கு மட்டும் தோன்றியதன்று. இலத்தீன் மொழியிலும் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ரிசினஸ் என்ற ஒரே சொல்தான் வழங்கியது. நம் மொழியிலும் உண்ணியின் பெயர் பல இடங்களில் பதிந்திருக்கிறது. மேயும் மாட்டின் பின்னாலேயே நடக்கும் வெள்ளைக் கொக்கு உண்ணிக்கொக்கு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் மலைச்சாரல்களில் புதராய் மண்டிவிட்ட செடி உண்ணிச்செடி. இந்தச் செடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதனை மீண்டும் சந்திப்போம்.

உண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. அதற்குச் சிறகில்லை, பறக்க முடியாது. தெள்ளுப்பூச்சியைப் போலக் குதிக்கவும் முடியாது. புல்லின் நுனியிலோ தழையின் ஓரத்திலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, ஏதேனும் ஓர் உயிர் உரசிச் செல்லும் வரையில் காத்திருக்கும். நாம் பேசப்போகும் காட்டு உண்ணியின் வாழ்க்கையில் மூன்று பருவங்கள் உண்டு. முட்டையிலிருந்து ஆறு கால்களோடு வெளிவருவது குஞ்சு. எட்டுக் கால் பெற்ற பின் இளவுண்ணி. அதன் பின் முதிர்ந்த உண்ணி. ஒவ்வொரு பருவத்திலும் அது ஒரே ஒரு முறைதான் வயிறு நிறைய உண்ணும். உண்டதும் தரையில் விழுந்துவிடும். அடுத்த பருவத்தில் வேறோர் உயிரைத் தேடும். குஞ்சாக இருக்கையில் எலி, மூஞ்சூறு, பறவை ஆகியவற்றையும், இளவுண்ணியானதும் குரங்கையும் மனிதனையும், முதிர்ந்தபின் மாடு போன்ற பெரிய விலங்குகளையும் அது நாடும். இரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிந்துபோகும்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? ஒரு பருவத்தில் உண்ட இரத்தத்தோடு உட்புகுந்த நோய்க்கிருமி, அடுத்த பருவத்திலும் உண்ணியின் உடலில் உயிரோடு தங்கியிருக்கும். எலியிடம் வாங்கியதை அது மனிதனிடம் சேர்த்துவிட முடியும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், அப்போதைய மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா மாவட்டத்தில், சொரபா வட்டத்துக் காடுகளில் குரங்குகள் இறந்து கிடந்தன. அடுத்தடுத்து, அக்காடுகளை ஒட்டிய கிராமங்களில் மனிதர்களும் கடுமையான காய்ச்சலில் விழுந்தார்கள். திடீரென்று உச்சிக்கேறும் காய்ச்சல், பிளக்கும் தலைவலி, அசையவொட்டாத தசைவலி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தக் கசிவு. நோயுற்றவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரையில் இறந்துவிடும் அளவுக்கு அது கொடிய காய்ச்சல். கிராமத்து மக்கள் அதற்குக் குரங்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகள், கிருமி முதலில் கண்டறியப்பட்ட காட்டின் பெயரால் கியாசனூர்க் காட்டு நோய் என்றார்கள்.

அந்தச் செய்தி கேட்டு உலகமே திடுக்கிட்டது என்றால் மிகையன்று. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகள் கூட்டமாக இறந்தால் அது மஞ்சள்காய்ச்சலின் அறிகுறி. ஆசியக் கண்டம் அதுவரை மஞ்சள்காய்ச்சலை அறியாதது. அது இந்தியாவுக்குள் புகுந்துவிட்டதோ என்ற ஐயத்தோடு, 1952-இல் பூனாவில் தோன்றிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் ஷிமோகாவுக்கு விரைந்தார்கள். டெல்ஃபோர்ட் வொர்க், ஹாரல்ட் டிராப்பிடோ ஆகியோர் அந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர்கள். இறந்த குரங்கின் உடலிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த கிருமி மஞ்சள்காய்ச்சல் கிருமியன்று. 1937-இல் சோவியத் நாட்டின் கிழக்குக் கோடியில் கண்டறியப்பட்ட மூளைக்காய்ச்சல் கிருமிக்கு அது உறவு. இரண்டும் உண்ணியால் பரவுபவை. ஷிமோகாக் காட்டில் அதனைச் சுமந்த உண்ணிக்கு ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்று பெயர்.

ருஷ்யக் கிருமிக்கு உறவான கிருமி கன்னடக் காட்டுக்கு எப்படி வந்தது? சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் சுமந்து வந்திருக்குமோ என்று சிலர் ஐயுற்றார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பறவை அறிஞர் சாலிம் அலி அவர்களின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளைப் பிடித்து, கால்களில் வளையமிட்டு ஆராய்ந்தார்கள். நம் நாட்டுப் பறவைகளின் வலசையைப் பற்றிய அரிய செய்திகள் பல அந்த முயற்சியால் கிடைத்தன. ஆனால் பறவைகள் மீது குற்றம் நிலைநாட்டப்படவில்லை. விடையின் பெரும்பகுதி தொலைவானத்தில் இல்லை. காட்டோரத்தில், காலடியிலேயே கிடந்தது.

அதனை எடுத்துக் காட்டியவர் ஜார்ஜ் போஷெல் என்னும் அறிஞர். கொலம்பியா நாட்டில் காட்டு மஞ்சள்காய்ச்சலை ஆராய்ந்து பழகியவர். 1969-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: கிருமி காட்டுக்குப் புதிதன்று, எலிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே அது அமைதியாகச் சுழன்று வந்திருக்க வேண்டும். புதிதாக நேர்ந்தது காட்டின் மாறுதல். மக்கட்பெருக்கத்தால் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். வயலுக்கும் காட்டுக்கும் இடையே வெயில் விழும் விளிம்புகள் தோன்றின. அங்கே புல்லும் புதரும் வளர்ந்தன. நான் நினைவில் வைக்கச் சொன்ன உண்ணிச்செடியும் அங்கே மண்டியது. அந்த விளிம்புகளில் கிராமத்து மாடுகள் மேய்ந்தன.

மாடு இந்தக் கிருமியால் நோயுறுவதில்லை. கிருமியை உண்ணிக்கு ஏற்றிவிடும் ஆற்றலும் அதற்குப் போதாது. அப்படியானால் மாட்டின் பங்கு என்ன? முதிர்ந்த உண்ணிக்கு அது விருந்து. அடர்ந்த காட்டில் முதிர்ந்த உண்ணி ஒரு பெரிய விலங்கைச் சந்திப்பது அரிது. காட்டோரத்தில் நாள்தோறும் மந்தை வருகிறது. மழைக்காலத்தில் மாட்டின் இரத்தம் குடித்த பெண் உண்ணிகள் விளிம்புப் புல்லில் விழுந்து முட்டையிடுகின்றன. மழை ஓய்ந்தபின் குஞ்சுகள் திரள்கின்றன. மார்கழி தொடங்கிக் கோடை வரையில் இளவுண்ணிகள் பசியோடு காத்திருக்கின்றன. விறகுக்கும் சருகுக்கும் மக்கள் காட்டோரம் செல்லும் காலமும் அதுவே.

குரங்குகளோ, பழத்தையும் பயிரையும் நாடி விளிம்பில் இறங்குகின்றன. கருமுக மந்தியும் நாட்டுக் குரங்கும் இக்கிருமிக்கு எளிதில் இரையாகின்றன. கிருமி தாங்கிய குரங்கைக் கடித்த உண்ணிகளெல்லாம் கிருமியை ஏற்கின்றன. அந்தக் குரங்கு இறந்து குளிர்ந்ததும், உண்ணிகள் உடலை விட்டுக் கழன்று அந்த இடத்திலேயே சிதறுகின்றன. மனிதன் அவ்வழியே நடக்கிறான். ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்கு இந்நோய் தொற்றுவதில்லை. நோய்ச் சங்கிலியில் மனிதன் கடைசிக் கண்ணி.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். கரிசல்காட்டுக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். தந்தை வைத்திருந்த ஒரே நிலத்தை அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள். நிலத்தின் பரப்புக் குறையவில்லை. ஆனால் பொழிகள் பெருகிவிடுகின்றன. பொழியிலேதான் புல் முளைக்கிறது. எலி வளை தோண்டுகிறது. காட்டுக்கும் இதே நியாயந்தான். நான்கு கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரக் காட்டை எண்ணிக்கொள்ளுங்கள். பரப்பு 16 சதுர கிலோமீட்டர். சுற்றளவு 16 கிலோமீட்டர். பாதைகளாலும் வயல்களாலும் அதனை ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள 16 துண்டுகளாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மரங்களின் பரப்பு ஏறக்குறைய அவ்வளவேதான். ஆனால் சுற்றளவு 64 கிலோமீட்டராகிவிடுகிறது. எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை உள்ளதை விளிம்பு என்று கொண்டால், முழுக்காட்டில் விளிம்பு 1.56 சதுர கிலோமீட்டர். துண்டுபட்ட காட்டில் 5.76. பத்தில் ஒரு பங்காக இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகிவிட்டது. அறிக்கையில் "காட்டின் பரப்புக் குறையவில்லை" என்று எழுதினால் அது பொய்யாகாது. ஆயினும் அந்தக் காடு பழைய காடாகாது.

காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று பள்ளியில் படிக்கிறோம். நம் முன்னோர் காட்டைத் தனியே எண்ணவில்லை. அதனைச் சார்ந்த இடத்தையும் சேர்த்தே எண்ணினார்கள். ஆநிரை மேயும் அந்தச் சார்ந்த இடத்தைத்தான் இன்று நோயாராய்ச்சியாளரும் உற்று நோக்குகிறார்கள்.

போஷெல் சொன்னது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. 1982-83-இல் தென் கன்னட மாவட்டத்தின் பெள்தங்கடி வட்டத்தில் முந்திரித் தோட்டம் அமைப்பதற்காகக் காட்டை வெட்டித் தள்ளினார்கள். அதை ஒட்டி இந்நோய் என்றுமில்லாத வேகத்தோடு அங்கே பரவிற்று. மார்க் நிக்டர் என்னும் மானிடவியலார் 1987-இல் அதனை ஆராய்ந்து எழுதியபோது, வளர்ச்சித் திட்டங்கள் வரவழைக்கும் நோய்களுள் ஒன்றாக இதனைக் கணக்கிட்டார். 2020-இல் இந்திய, பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வொன்றும், ஈரப்பசுங்காடும் தோட்டமும் கலந்து கிடக்கும், நாட்டு மாடுகள் மிகுந்த பகுதிகளிலேயே இந்நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று காட்டிற்று.

இது கன்னட நாட்டின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2012-இன் இறுதியில் பந்திப்பூர்க் காட்டில் குரங்குகள் இறந்தன. அவற்றின் உடலை அகற்றி எரித்தவர்கள் நோயுற்றார்கள். அதே காலத்தில், பந்திப்பூரை அடுத்துள்ள நம் நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்கிலும் இந்தக் கிருமி இருந்தது. 2013-இல் கேரளத்தின் வயநாட்டில் நோய் தோன்றி, 2015-இல் காட்டை நம்பி வாழும் பழங்குடி மக்களைப் பெரிதும் வாட்டியது. 2015-இல் கோவாவிலும், 2016-இல் மராட்டியத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் பரவிற்று. இந்நோயின் வட்டாரம் மழைமிக்க மேற்குத்தொடர்ச்சி மலைச்சாரல். நம் வெயில் நிலமன்று. குளத்தூர் மாட்டின் காதில் தொங்கும் உண்ணியைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டா. ஆனால் மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் மலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் நம் ஊர்களில் உண்டு. மலையின் நோய் மலையோடு நிற்கும் என்று எண்ண இடமில்லை.

அமெரிக்காவிலும் இதைப் போன்ற வரலாறு ஒன்று உண்டு. 1975-இல் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரில் சிறுவர் பலருக்கு மூட்டு வீக்கம் கண்டது. உண்ணி சுமக்கும் ஒரு நுண்ணுயிர் அதற்குக் காரணம் என்று வில்லி பர்க்டார்ஃபர் என்பார் கண்டறிந்த செய்தி 1982-இல் வெளியாயிற்று. 2003-இல் நியூயார்க் மாநிலத்து டச்சஸ் வட்டாரத்தில் செய்த ஆய்வு, இரண்டு ஹெக்டேருக்கும், அதாவது ஏறத்தாழ ஐந்து ஏக்கருக்கும், குறைவான காட்டுத் துண்டுகளில் கிருமி தாங்கிய இளவுண்ணிகள் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. காரணம் யாதெனில், சிறு துண்டில் பல விலங்குகள் வாழ முடியாமல் மறைந்துபோக, வெண்பாதச் சுண்டெலி மட்டும் பெருகிவிடுகிறது. உண்ணிக்குக் கிருமியை ஏற்றுவதில் அந்த எலிக்கு நிகரில்லை. பெரிய காட்டிலோ, உண்ணி எத்தனையோ வகை விலங்குகளைக் கடிக்கிறது; அவற்றுள் பல கிருமியை ஏற்றிவிடுவதில்லை.

எனினும், மாணவர்கள் இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக் கற்க வேண்டும். 2005-இல் லைம் ஊரைச் சுற்றிய பகுதிகளில் செய்த ஆய்வில், துண்டுபட்ட காடுகளில் கிருமி தாங்கிய உண்ணிகள் அதிகம் என்பது மீண்டும் உறுதியாயிற்று. ஆனால் நோயுற்ற மனிதர்கள் அங்கே அதிகமாக இல்லை, குறைவாகவே இருந்தார்கள். உண்ணி இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. அந்த உண்ணி காத்திருக்கும் இடத்துக்கு மனிதன் போக வேண்டும். துண்டுக் காட்டில் கால் வைக்க வேண்டிய தேவையே இல்லாமல் வாழ்பவன் தப்பிவிடுகிறான்.

இந்த உண்மையை நம் நாட்டோடு பொருத்திப் பார்த்தால் மனம் கனக்கிறது. நம் மலைச்சாரலில் காட்டோரத்துக்குப் போகாமல் இருக்கக்கூடியவர் யார்? விறகு பொறுக்கும் பெண், மாட்டுத் தொழுவத்துக்குச் சருகு அள்ளும் உழவர், தேன் எடுக்கும் பழங்குடியினர், தோட்டக் கூலியாட்கள், வனக்காவலர் — இவர்களுக்குக் காட்டோரம் உல்லாசப் பயணமன்று, அன்றாட உலை. காட்டை வெட்ட முடிவு செய்தவர் ஒருவர். தோட்டத்தின் இலாபம் பெற்றவர் ஒருவர். உண்ணிக் கடி பட்டவர் வேறொருவர். "காட்டுக்குப் போகாதே" என்று அவர்களிடம் சொல்வது, "உண்ணாதே" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே தற்காப்பை அவர்களுக்கு எட்டும்படி செய்ய வேண்டும். உடலை மூடிய உடை. உண்ணியை விலக்கும் எண்ணெய். வீடு திரும்பியதும் உடலைச் சோதித்து, வெந்நீரில் குளித்து, துணியை வெந்நீரில் அலசுதல். குரங்கு இறந்து கிடக்கக் கண்டால் தொடாமல் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் — இவை எளிய வழிகள். குரங்கின் சாவு ஊருக்கு அடிக்கும் எச்சரிக்கை மணி. குரங்கை விரட்டிக் கொல்வதால் பயனில்லை. அதுவும் நம்மைப்போல் நோய்க்கு இரையாவதே. இந்நோய்க்கென்று நெடுங்காலம் போடப்பட்டு வந்த தடுப்பூசி, போதிய பயன் தராமையால் 2022-இல் நிறுத்தப்பட்டது. புதிய தடுப்பூசிக்கு முயற்சி நடைபெற்று வருகிறது. அது வரும் வரையிலும், வந்த பின்னும், காட்டை ஆளும் முறை ஒரு மருந்தாகவே இருக்கும்.

அந்த முறையை மூன்று சொற்றொடரில் சொல்லிவிடலாம். வெட்டியே ஆக வேண்டுமானால், காட்டை ஊடறுத்து நூறு இடத்தில் கிள்ளாமல், எஞ்சியது ஒரே தொகுதியாக நிற்கும்படி ஓரமாகவே வெட்டுதல் வேண்டும். ஊருக்கருகில் தீவனமும் விறகும் விளைவித்து, மந்தையும் மக்களும் காட்டு விளிம்பை நாடும் தேவையைக் குறைத்தல் வேண்டும். ஒரு சாலையையோ தோட்டத்தையோ திட்டமிடும் மேசையில், பொறியாளரோடும் வனத்துறையாரோடும் மருத்துவரும் கால்நடை மருத்துவரும் உட்காருதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை அந்த மேசையைச் சுற்றி உட்காரப் போகிறவர்கள். வரைபடத்தில் பச்சை நிறத்தின் நடுவே ஒரு கோடு இழுப்பது எளிது. அப்படி இழுக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு விளிம்புகள் உண்டு என்பதையும், அந்த இரு விளிம்புகளிலும் விறகுக்கட்டோடு ஒருவர் நடந்து போவார் என்பதையும் அன்று நினைத்துப் பாருங்கள். காடு எத்தனை ஏக்கர் என்று கேட்பதோடு நில்லாமல், அது எத்தனை துண்டு என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி சில உயிர்களைக் காக்கக்கூடும்.